டியூனா, அண்டோரா: வன்னியில் முடியாத ஒரு வாக்குவாதம்

கிளிநொச்சிப் பக்கத்தில் விஞ்ஞானப் புனைவு பார்க்கிற பொடியள் நாலு பேர் கூடினால் இப்போது இரண்டு கட்சிதான். ஒன்று டியூன் கட்சி, மற்றது அண்டோர் கட்சி. மார்வெலா டீசியா என்று முன்பு நடந்த சண்டை ஓய்ந்துவிட்டது. அதில் யாருக்கும் பெரிதாகச் சூடு இருந்ததும் இல்லை. இந்தச் சண்டையில் சூடு இருக்கிறது.

டெனி வில்னேவ் இயக்கிய டியூன் இரண்டு படங்களாக வந்தது, 2021இல் ஒன்று, 2024இல் ஒன்று. அண்டோர், ஸ்டார் வோர்ஸ் உலகத்துத் தொடர். டோனி கில்ரோய் உருவாக்கியது. 2022இல் 12 எபிசோட், 2025இல் 12 எபிசோட், அத்தோடு முடித்துவிட்டார்கள். படத்தையும் தொடரையும் எப்படி ஒப்பிடுவது என்று கேட்பவர்கள் உண்டு. ஒப்பிடலாம், ஏனென்றால் அடிக்கதை இரண்டுக்கும் ஒன்றுதான்: ஒரு பேரரசு, அதற்கு வேண்டிய ஏதோ ஒன்று இருக்கிற மண், அந்த மண்ணில் ஏற்கெனவே குடியிருக்கிற சனம். அந்தக் கதையை வன்னியில் இருந்து பார்க்கிற யாரும் வேடிக்கை பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு எழும்ப முடியாது.

முதலில் லேசான விஷயங்களை முடித்துவிடுவோம். நேரம். டியூன் முதல் படம் 155 நிமிடம், இரண்டாவது 166. ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு இரண்டும் சரி. அண்டோர் முழுவதையும் பார்க்கப் பதினைந்து மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். டேட்டா பைக்கேஜ் மாத முடிவுக்கு முன்னமே தீர்ந்துபோகிற வீட்டில் இது சின்ன வித்தியாசம் இல்லை. அதனால்தான் பலருக்கு அண்டோர் யாரோ ஒருவரின் பென்ட்ரைவில் வந்து சேர்ந்தது, அதுவும் ஒரு சீசன் மட்டும்.

கண்ணுக்கும் காதுக்கும் டியூன்தான். இதில் அண்டோர் கட்சியும் மறுபேச்சுப் பேசாது. முதல் படத்துக்கு ஆறு ஒஸ்கார், இரண்டாவதுக்கு இரண்டு. ஒளிப்பதிவு, ஒலி, காட்சி விளைவு, ஹான்ஸ் ஸிம்மரின் இசை என்று பெரும்பாலும் இந்தப் பக்கத்து விருதுகள்தான். ஜோர்தானிலும் அபுதாபியிலும் எடுத்த மணல்வெளி. ஆனால் அந்த அழகுக்குப் பெரிய திரை வேண்டும். பெரிய திரை வேண்டுமென்றால் இங்கிருந்து வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பஸ் ஏற வேண்டும். அங்கேயும் நம்முடைய நடிகர் ஒருவரின் படம் ஓடுகிற வாரம் என்றால் ஆங்கிலப் படத்துக்கு இடம் கிடைப்பது கஷ்டம். போனில் பார்த்தால் நானூறு மீற்றர் மணற்புழு மழைக்குப் பிறகு முற்றத்தில் நெளிகிற மண்புழு மாதிரித்தான் தெரியும். அண்டோருக்கு இந்தச் சிக்கல் குறைவு. அது முகங்களாலும் பேச்சாலும் ஆன தொடர். ஆறு அங்குலத் திரையிலும் முகம் முகம்தான்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். டியூனுக்கு இங்கே ரசிகர் சேர்ந்ததற்கு அது ஒரு பெரிய காரணம். அராக்கிஸ் கிரகத்து ஃபிரெமன் மக்கள் வியர்வையையும் மூச்சின் ஈரத்தையும் பிடித்துத் திரும்பக் குடிக்க வைக்கிற உடுப்புப் போடுகிறார்கள். செத்தவரின் உடம்பில் இருக்கிற தண்ணீரைக்கூட எடுத்துச் சமூகத்துக்கு வைக்கிறார்கள். முதல் படத்தில் ஸ்டில்கார் என்ற ஃபிரெமன் தலைவர் பிரபுவின் மேசையில் துப்புவார். பிரபுவின் ஆட்கள் வாளில் கை வைக்க, ஒருவன் மட்டும் ‘உங்கள் உடம்பின் ஈரத்தைத் தந்ததற்கு நன்றி’ என்ற பாணியில் பதில் சொல்லித் தானும் துப்புவான். சிறுபோகக் கூட்டத்தில் உட்கார்ந்து, இந்தமுறை குளத்துத் தண்ணீர் எத்தனை ஏக்கருக்குக் காணும் என்று சண்டை பிடித்தவர்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் டியூன் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. தண்ணீர் என்று வந்தால் ஃபிரெமன் எல்லோரும் ஒரே மனசு. நிஜத்தில் அப்படியா? இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகிற திட்டம் பேசப்பட்டபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் நிலைமையும் பொய் இல்லை. ஒரே மொழி, ஒரே துன்பம், ஆனாலும் தண்ணீர் என்றதும் இரண்டு பக்கம். இதைத் தொட்டது டியூனும் இல்லை, அண்டோரும் இல்லை. தி எக்ஸ்பான்ஸ் என்ற தொடர். ஆறு சீசன், 2015 முதல் 2022 வரை. விண்கல் பட்டையில் வாழ்கிற தொழிலாளிகள், பனிக்கட்டி ஏற்றி வருகிற கப்பல், சீரஸ் நிலையத்தில் அளந்து விடுகிற தண்ணீர். அங்கே போராடுகிறவர்களுக்குள்ளேயே ஆளுக்கொரு கன்னை. மூன்று சீசனோடு ஒரு அலைவரிசை கைவிட, ரசிகர்கள் காசு சேர்த்து அமேசான் ஸ்டூடியோவுக்கு மேலே பதாகை கட்டிய விமானம் பறக்க விட்டார்கள். கடைசியில் அமேசானே தொடரை எடுத்துக்கொண்டது. இங்கே அதைப் பார்த்தவர்கள் குறைவு. பார்த்தவர்கள் டியூன் கட்சியிலும் இல்லை, அண்டோர் கட்சியிலும் இல்லை. மூலையில் இருந்து சிரிக்கிறார்கள்.

சரி, சண்டையின் மையத்துக்குப் போவோம். அது பவுல்.

டியூன் கட்சிக்குள்ளேயே பவுல் யார் என்பதில் இரண்டு பிரிவு உண்டு. வெளியில் இருந்து வந்த பிரபுவின் மகன், மணற்புழு ஏறி, சனத்தைத் திரட்டி, பேரரசனை மண்டியிட வைக்கிறான். இளையவர்கள் பலருக்கு இது விசிலடிக்கிற கதை. ஆனால் படம் இன்னொன்றையும் சொல்லிக்கொண்டே வருகிறது. மீட்பர் வருவார் என்ற தீர்க்கதரிசனமே பெனே ஜெஸரிட் என்ற சகோதரிகள் அமைப்பு முன்கூட்டியே அந்தச் சனத்திடம் விதைத்து வைத்தது. பவுலுக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே அதில் ஏறி உட்கார்கிறான். ஸெண்டாயா நடிக்கும் சானி மட்டும் கடைசிவரை நம்பவில்லை. எல்லோரும் குனிந்து வணங்குகிற கட்டத்தில் அவள் எழும்பி வெளியே போகிறாள். பிராங்க் ஹெர்பர்ட் 1965இல் எழுதிய நாவலில் சானி இப்படி எதிர்த்து நிற்பவள் இல்லை. அந்தச் சந்தேகப் பார்வை வில்னேவ் சேர்த்தது. படத்தில் எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான்.

தலைமை என்பது இங்கே சினிமா விஷயம் மட்டும் இல்லை. பவுலைப் பற்றி ஒரே வீட்டில் தகப்பன் ஒன்று சொல்வார், மகன் ஒன்று சொல்வான், தாய் எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவா. ஆகவே நான் இதில் யாருக்கும் பாடம் எடுக்கப் போவதில்லை. ஆனால் படத்தைப் பற்றிச் சொல்லலாம்: டியூன் எச்சரிக்கைப் படம்தான், ஆனால் எச்சரிக்கையையும் பிரமாண்டமாக எடுத்துவிட்டது. பவுல் தெற்கத்தியச் சனத்தின் முன் நின்று முழங்குகிற காட்சியைப் பார்த்தால் மயிர்க்கூச்செறிகிறது. பயப்பட வேண்டிய இடத்தில் கை தட்டினால் பிழை ரசிகனிடம் மட்டும் இல்லை.

அண்டோரில் பவுல் இல்லை. தலைப்பில் பெயர் இருக்கிற காஸியன் அண்டோரே முதல் சீசனில் பாதி நேரம் தப்பி ஓடத்தான் பார்க்கிறான். கிளர்ச்சி என்பது அங்கே நாணயக் கணக்கு, பொய்ப் பெயர், கிடைக்காத உதிரிப்பாகம், ஒருவரை ஒருவர் நம்பாத சிறு குழுக்கள். இடையில் ஒரு வேடிக்கை: டியூனில் ஹார்க்கொனன் பிரபுவாக, ஊதிப்போன உடம்போடு மிதக்கிற கொடியவனாக வருபவரும், அண்டோரில் கிளர்ச்சியை இருட்டில் இருந்து நடத்துகிற லூத்தனாக வருபவரும் ஒரே ஆள், ஸ்டெலான் ஸ்கார்ஸ்கார்ட். இரண்டையும் பார்த்த பலருக்கு இதைச் சொன்ன பிறகுதான் பிடிபட்டது. லூத்தனின் நீண்ட பேச்சு ஒன்று முதல் சீசனில் வரும். தான் கண்ணால் காணாத ஒரு விடியலுக்காகத் தன் வாழ்க்கையை எரிப்பதாகச் சொல்வார். அந்த ஆள் நல்லவரா என்று தொடர் ஒருபோதும் தீர்ப்புச் சொல்வதில்லை. பார்க்கிறவர்களும் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

அல்தானி என்ற மலைநாட்டுக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். படைத்தளத்துக்காகச் சனத்தைப் பள்ளத்தாக்கில் இருந்து எழுப்பித் தாழ்நிலத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். மூன்று வருடத்துக்கொருமுறை அவர்கள் தங்கள் புனித இடத்துக்கு நடந்து வரலாம். ஆனால் வழியெல்லாம் மலிவான குடியும் தங்குமிடமும் வைத்து, வந்து சேர்கிற ஆட்களின் தொகையை ஒவ்வொரு தடவையும் குறைத்துவிடுகிறார்கள். அதிகாரி இதைப் பெருமையாகச் சொல்வான். கேப்பாப்பிலவில் தங்கள் காணிக்காக 2017இல் படைமுகாம் வாசலில் உட்கார்ந்த சனத்தைத் தெரிந்தவர்கள் இந்தக் காட்சியை நிறுத்தி, திருப்பிப் போட்டுப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். குண்டு இல்லை, இரத்தம் இல்லை. ஒரு உத்தியோகத்தர் ஒரு திட்டத்தை விளக்குகிறான், அவ்வளவுதான்.

நார்கினா சிறையில் கைதிகள் எதற்கென்று தெரியாத உதிரிப்பாகம் பூட்டுகிறார்கள். தண்டனை முடிந்தவர்களை விடுவதில்லை, வேறு மாடிக்கு மாற்றுகிறார்கள் என்று ஒருநாள் தெரியவருகிறது. தடுப்பில் இருந்து வந்த அண்ணை ஒருவர் அந்த எபிசோட்களை நடுவில் விட்டுவிட்டு, ‘இது சரியாத்தான் எடுத்திருக்கிறாங்கள்’ என்று மட்டும் சொன்னார். பாராட்டாக அதற்கு மேல் என்ன வேண்டும்? பெரிக்ஸ் ஊரின் செத்தவீடும் அப்படித்தான். அங்கே இறந்தவரின் சாம்பலைக் கல்லாக்கி ஊரின் சுவரில் பதிப்பார்கள். செத்தவீட்டு ஊர்வலத்துக்குப் பேரரசு கட்டுப்பாடு வைக்கிறது. சனம் சொன்ன நேரத்துக்கு முன்னமே வாத்தியத்தோடு கிளம்பிவிடுகிறது. இறந்தவரை நினைக்க ஒரு கல், ஒரு இடம், அதற்கு யாரிடம் அனுமதி என்ற கேள்வி துயிலும் இல்லங்கள் இடிக்கப்பட்ட மண்ணில் கற்பனைக் கேள்வி இல்லை.

இரண்டாம் சீசனில் கோர்மன் என்ற கிரகத்தில் நடக்கிற படுகொலை. முதலில் அந்த மண்ணில் ஒரு கனிமம் வேண்டும் என்று முடிவெடுக்கிறார்கள். பிறகு அந்த மக்கள் திமிர் பிடித்தவர்கள் என்று செய்தி பரப்புகிறார்கள். பிறகு சதுக்கத்தில் கூடுகிறவர்களைச் சுற்றி வளைக்கிறார்கள். பிறகு நடந்ததற்கு அவர்களையே குற்றம் சொல்கிறார்கள். இந்த எபிசோட் வெளிவந்தது 2025 மே 6ஆம் திகதி. முள்ளிவாய்க்கால் நினைவு நாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு. தற்செயல்தான். ஆனாலும் அந்த வாரம் அதைப் பார்த்தவர்களுக்கும் ஆறுதலாக இன்னொரு மாதம் பார்த்தவர்களுக்கும் அது ஒரே எபிசோடாக இருந்திருக்காது.

இதற்கு டியூன் கட்சியின் பதில் அலட்சியப்படுத்தக் கூடியது இல்லை. ‘பார்த்ததைத் திரும்பப் பார்க்கவா படம் பார்க்கிறோம்?’ என்கிறார்கள். மணலும் புழுவும் வேற்றுலகமும் தேடி வந்தவனிடம் சோதனைச் சாவடியையும் விசாரணை அறையையும் காட்டினால் அவனுக்கு ஓய்வு எங்கே? நியாயமான கேள்வி. இன்னொன்றும் சொல்கிறார்கள்: பேரரசை எதிர்க்கச் சொல்லித் தருகிற தொடரை எடுத்தது டிஸ்னி என்ற பெரிய கம்பனி. இதற்கு அண்டோர் கட்சி சொல்கிற பதில் எனக்கும் காணவில்லை. ஆனால் கடன் பக்கம் பார்த்தால் டியூனும் சுத்தம் இல்லை. அரபு உலகத்தில் இருந்து மொழி, உடை, நம்பிக்கை எல்லாம் எடுத்துக்கொண்டு, முக்கிய வேடங்களில் அந்த மக்களைக் காணோம் என்ற குறை முதல் படத்தில் இருந்தே உண்டு. அண்டோர் கோர்மன் மக்களுக்குப் பிரெஞ்சு ஓசையில் ஒரு மொழி கட்டி, பிரெஞ்சு நடிகர்களைக் கொண்டே பேச வைத்தது.

மெதுவாகப் போகிறது என்ற குறை இரண்டுக்கும் பொருந்தும். டியூன் மெதுவாகப் போனாலும் வடிவாகப் போகும். அண்டோரின் முதல் இரண்டு எபிசோட் நிஜமாகவே இழுவை. கிளர்ச்சிக்கு இரகசியமாக உதவுகிற செனட்டர் மொன் மொத்மாவின் வீட்டுக் கலியாணக் காட்சிகளில் நானும் போனைத் தட்டியிருக்கிறேன்.

தமிழில் ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். 2024 பொங்கலுக்கு அயலான் வந்தது. சின்னப் பிள்ளைகள் ரசித்தார்கள், நல்லது. அதே வருடம் ஜூனில் கல்கி 2898 ஏடி தெலுங்கில் இருந்து வந்தது. வற்றிப்போன காசி, மேலே தொங்குகிற செல்வந்தர் உலகம் என்று நல்ல அடித்தளம். பிறகு அவதாரத்துக்காகக் காத்திருக்கிற கதையாகிவிட்டது. கமல் ரசிகர்கள் அவர் வந்த சில நிமிடங்களைப் பற்றி இன்னும் முணுமுணுக்கிறார்கள். டியூன் சந்தேகப்படுகிற அதே மீட்பரைக் கல்கி கும்பிடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் சுவாரசியம், ஆனால் அண்டோர் பக்கத்தில் வைக்க நம்மிடம் இன்னும் ஒன்றும் இல்லை.

என் ஓட்டு அண்டோருக்கு. ஆனால் யாருக்கு எதைக் கொடுப்பேன் என்பது வேறு. வயலுக்குப் போய்க் களைத்து வந்தவருக்கு, பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைக்கு, நல்ல ஸ்பீக்கர் இருக்கிற வீட்டுக்கு டியூன். இரவில் தனியே இருந்து பார்க்கிற பழக்கம் உள்ளவருக்கு அண்டோர், மூன்று மூன்று எபிசோடாக, ஏனென்றால் அதன் கதைகள் பெரும்பாலும் அப்படித்தான் பிரிகின்றன. கடைசி எபிசோட் முடிந்ததும் 2016இல் வந்த ரோக் வன் படத்தைத் தொடர்ந்து பார்க்கலாம். காஸியனின் முடிவு அதில்தான் இருக்கிறது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கோர்மன் படுகொலை வருகிற இரண்டாம் சீசனின் எட்டாவது எபிசோடை அவர்கள் முன் போட வேண்டாம்.

பவுல் வழக்குக்கு மட்டும் இன்னும் தவணை இருக்கிறது. மூன்றாவது படத்தை 2026 டிசம்பரில் கொண்டுவரத் திட்டம். அது ஹெர்பர்ட்டின் 1969 நாவலை ஒட்டியது. அந்த நாவலில் பவுலின் பெயரால் நடந்த போர்களில் செத்தவர்களின் கணக்கை பவுலே சொல்வான்: ஆறாயிரத்து நூறு கோடிப் பேர். இதைச் சொன்னால் எங்கள் ஊர் பவுல் ரசிகர்கள் அசையவில்லை. ‘புத்தகத்தில என்னவும் இருக்கட்டும், படம் வரட்டும் பாப்பம்’ என்கிறார்கள்.