மதுரையில் மாமாவுக்கு வெள்ளைக்கோல்

மதுரையில் கண் வைத்தியத்துக்குக் குறைச்சலே இல்லை. 1976-இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிற ஊர். ஆனால் வைத்தியம் முடிந்து, "போன பார்வை திரும்பாது" என்று சொல்லிவிட்ட பிறகு எங்கே போவது? டொராண்டோவிலிருந்து இந்த முறை ஊருக்குப் போனபோது அதற்காகத்தான் அலைந்தேன்.

மாமாவுக்கு கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய். பக்கவாட்டுப் பார்வை முழுக்கப் போய், நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம். அதை வைத்துப் பேப்பரில் தலைப்புச் செய்தி படித்துவிடுவார். காலடியில் கிடக்கும் முக்காலி தெரியாது. "பேப்பர் படிக்கிற ஆளுக்கு எதுக்குய்யா கம்பு?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதில் மாமாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, எழுத்து தெரிந்தாலும் பார்வைப் புலம், அதாவது கண்ணுக்கு ஒரே நேரத்தில் தெரியும் பரப்பு, 10 டிகிரிக்குள் சுருங்கிவிட்டால் அது பார்வையின்மைதான். அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்துவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போனோம். பழைய புலப் பரிசோதனைத் தாள்களை அத்தை பத்திரமாக வைத்திருந்தார். நான் பயந்த அளவுக்கு வேலை இழுக்கவில்லை.

உருப்படியாக நடந்தது வெள்ளைக்கோலோடு நடக்கும் பயிற்சி. பயிற்றுநர் முதலில் தெருப் பக்கமே போகவில்லை. விரல்களின் பின்பக்கத்தால் சுவரைத் தடவியபடி நடப்பது, குனியும்போது ஒரு கையை முகத்துக்கு முன்னால் பிடிப்பது என்று வீட்டுக்குள்ளேயே ஆரம்பித்தார். பிறகுதான் நெஞ்சுயரக் கோல். வலது கால் முன்னே போகும்போது கோலின் நுனி இடது பக்கம் தட்ட வேண்டும்; அடுத்து இடது கால் விழப்போகிற இடத்தைக் கோல் முன்கூட்டியே பார்த்துவிடும். மாமாவுக்குக் கையும் காலும் ஒரே பக்கமாக ஓடின. பழக நாளாயிற்று.

அத்தைக்கும் பாடம் உண்டு. பின்னாலிருந்து தோளைப் பிடித்துத் தள்ளக் கூடாது. மாமாதான் அத்தையின் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் வர வேண்டும். "கல்யாணமான நாளா நான்தான் முன்னாடி போறேன், இப்பத்தான் அது பாடத்துலயே வந்திருக்கு" என்றார் அத்தை.

நடைபாதையின் விளிம்பைக் கோலால் தொட்டுக்கொண்டே போவது டொராண்டோவில் சரிப்படும். எங்கள் தெருவில் விளிம்பு முழுக்க பைக்கும் மூடியில்லாத சாக்கடையும். அதனால் பயிற்றுநர் டீக்கடை வரை ஒரே ஒரு வழியைத் திரும்பத் திரும்ப நடக்கவைத்து மனப்பாடம் ஆக்கினார்.

பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளிகள் இருக்கின்றன. பாளையங்கோட்டைப் பள்ளி 1890-இல் தொடங்கியது. அறுபது வயதில் பார்வை இழந்தவரைத்தான் யாரும் கைகாட்டி அனுப்புவதில்லை. எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும், கடைசிச் சீட்டிலேயே பயிற்சி மையத்தின் முகவரியையும் எழுதித் தரவேண்டும் என்பது என் கட்சி.

ஒரு வங்கிக் கிளையில் மாமாவுக்குச் செக் புக் தர மறுத்தார்கள். பார்வையற்றவர்களுக்கு செக் புக், ஏடிஎம் எதையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதை அச்செடுத்து நீட்டியதும் மேலாளர் உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, படிவத்தைக் கொடுத்தார்.

ரூபாய் நோட்டுதான் இன்னும் தகராறு. 500-க்கு நீளம் 150 மி.மீ., 200-க்கு 146, 100-க்கு 142. அந்த 4 மி.மீ. வித்தியாசத்தைக் கடைவாசலில் நின்று விரலால் அளக்க முடியுமா? ஓரத்தில் இருக்கும் மேடான கோடுகள் பழைய நோட்டில் தேய்ந்துவிடுகின்றன. நோட்டைச் சொல்லும் ரிசர்வ் வங்கியின் 'மணி' செயலியைப் போனில் போட்டுக் கொடுத்தேன். வரிசையில் நின்று அதைக் காட்ட அவருக்குப் பொறுமை இல்லை. 500-ஐ நீளவாக்கில் மடிக்கிறார், 200-ஐக் குறுக்கே, 100-ஐ அப்படியே வைக்கிறார். கடைக்காரர் திருப்பித் தரும் மீதிக்கு மட்டும் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.