பில்லில் லேசர், பல்லுக்குள் உப்புத்தண்ணீர்

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இருப்பவர்கள், அதிலும் ஊரிலிருந்து புதிதாக வந்திருப்பவர்கள், ரூட் கேனால் (பல் வேருக்குள் இருக்கும் கால்வாயைக் கழுவிச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை) செய்யப் போவதாக இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கிளினிக் பெயரைப் போடவில்லை.

2023 ஜூன். மேல்வரிசையில் வலப்பக்கக் கடைவாய்ப்பல். இங்கே பில்லில் 16 என்று எழுதுவார்கள். உயிர் போகிற வலி. பக்கத்து வீட்டு ஆயா (டர்பனில் நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலேயே பிறந்தவர், தமிழ் அரைகுறை) பஞ்சில் கிராம்பு எண்ணெய் நனைத்து வைத்துவிட்டார். இரண்டு நாள் ஓடியது. அப்புறம்தான் அந்தப் பலகை கண்ணில் பட்டது. டாக்டருக்குத் தமிழ்க் குடும்பப் பெயர், கீழே பெரிதாக 'லேசர் ரூட் கேனால்'. டாக்டர் "வணக்கம்" என்றார். அதற்கு மேல் அவருக்குத் தமிழ் கிடையாது. அந்த ஒரு வார்த்தைக்கே விழுந்துவிட்டேன்.

ஊசியால் கழுவினால் கிருமி தங்கிவிடும், லேசர் அடித்தால் நூறு சதவீதம் சுத்தம் என்றார். மொத்தம் 8,400 ராண்ட், அதில் லேசருக்கு மட்டும் 1,900. மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) அந்த 1,900-ஐத் தராது என்று வரவேற்பில் இருந்த பெண் முதலிலேயே சொன்னாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

அன்று நாலு மணிக்கு லோட் ஷெடிங், அதாவது முன்பே அறிவித்த மின்வெட்டு. மூன்றேகாலுக்கு நாற்காலியில் சாய்த்தார்கள். பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் எதுவும் மாட்டவில்லை. ஊசியால் பீய்ச்சிய தண்ணீர் தொண்டைக்குள் இறங்கியது, உப்புக் கரித்தது. பிறகு பேனா மாதிரி ஒன்று, நுனியில் சிவப்பு வெளிச்சம். மூன்று ஓட்டைக்கும் பத்துப் பத்து விநாடி. அன்றைக்கே அடைத்தும் விட்டார்கள். கார்டை இழுத்துவிட்டு வெளியே வரும்போது கரண்ட் போனது. நேரம் தவறாத ஆள்தான்!

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஈறில் கொப்புளம். அழுத்தினால் சீழ்.

வேர் சிகிச்சையே அதிகம் செய்யும் இன்னொரு டாக்டரிடம் போனேன். முப்பரிமாண ஸ்கேன் எடுத்துத் திரையில் காட்டினார். இந்தப் பல்லில் மூன்று வேர் இருந்தாலும், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முன்பக்க வேரில் இரண்டாவதாக ஒரு பொடிக் கால்வாய் இருக்குமாம். எனக்கும் இருந்தது. அதை யாரும் திறக்கவே இல்லை. திறக்காத இடத்தில் எந்த லேசர் என்ன செய்யும்?

அவரிடம் துருவித் துருவிக் கேட்டதில் எனக்குப் புரிந்தது இது. ஃபைல் என்ற அரம் மாதிரிக் கம்பி கால்வாய்க்கு வடிவம் கொடுக்கும், ஆனால் சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது தொடாமலே போகும். அந்த மிச்சத்தைச் சுத்தம் செய்வது மருந்துத் தண்ணீர்தான். சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது நம் வீட்டு ஜிக்கில் (ப்ளீச்) இருக்கும் அதே சரக்கு. கிருமியைக் கொல்லும், செத்த சதையையும் கரைக்கும். குளோர்ஹெக்ஸிடின் கொல்லும், கரைக்காது. உப்புத்தண்ணீர் இரண்டும் செய்யாது. ரப்பர் ஷீட் இல்லாமல் ஹைப்போகுளோரைட் ஊற்றினால் வாயும் தொண்டையும் வெந்துபோகலாம். அங்கே ஏன் உப்புக் கரித்தது என்று அப்போதுதான் உறைத்தது.

இந்த மருந்தை உள்ளே அனுப்பிக் கலக்கும் கருவிகளுக்கு வருவோம். ஊசியில் விட்ட மருந்து நுனியைத் தாண்டி ஓரிரு மில்லிமீட்டர்தான் போகும். அதனால் பக்கவாட்டில் ஓட்டை வைத்த மெல்லிய ஊசியை வேர் நுனிக்குச் சற்று முன்வரை இறக்கி, மெதுவாகத் தள்ள வேண்டும். அழுத்தித் தள்ளினால் மருந்து வேருக்கு வெளியே போய் முகமே வீங்கலாம். சோனிக் கருவியில் பிளாஸ்டிக் நுனி நிமிடத்துக்குப் பத்தாயிரம் தடவை வரை ஆடும். அல்ட்ராசோனிக்கில் கம்பி விநாடிக்கு இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் அதிரும். ஊசி எட்டாத இடுக்கிலும் மருந்தைச் சுழற்றி அனுப்புவதில் சோதனைக்கூட ஆய்வுகளில் ஊசியை ஜெயிப்பது இதுதான். லேசரில் எர்பியம் வகை, மருந்துக்குள்ளேயே குமிழி எழுப்பிக் கலக்கும். கருவி விலையே எக்கச்சக்கம். டயோடு வகை மலிவு. பெரும்பாலும் சூடுதான் தரும். எனக்கு அடித்தது டயோடு. அதுவும் கலக்குவதற்கு உள்ளே மருந்தே இல்லாத பல்லில்.

எந்தக் கருவியானாலும், நோயாளிக்குப் பல் ஆறுவதில் பெரிய வித்தியாசம் இன்னும் நிரூபணமாகவில்லை என்றும் அவரே சொன்னார். தன்னிடம் அல்ட்ராசோனிக் வைத்திருப்பவர் இப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அவர் முதலில் செய்த வேலை ரப்பர் ஷீட் மாட்டியது. அறை முழுக்க ஜிக் வாசனை. இரண்டு தடவை வரச் சொன்னார், நடுவில் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து மூடினார். மொத்தம் மூன்று மணி நேரம், 11,200 ராண்ட். கொப்புளம் வற்றிவிட்டது.

ஆகவே "லேசர் இருக்கா" என்று கேட்காதீர்கள். ரப்பர் ஷீட் போடுவீர்களா, எந்த மருந்தால் கழுவுவீர்கள், எவ்வளவு நேரம் உள்ளே நிற்கும், எத்தனை கால்வாய் என்று எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பழைய கிளினிக்கிடம் என் சிகிச்சைக் குறிப்பின் நகலைக் கேட்டேன்; நோயாளிக்கு அந்த உரிமை உண்டு. மூன்று தடவை அலையவிட்டுத் தந்தார்கள். கழுவிய திரவம் என்ற இடத்தில் 'சலைன்' என்று அவர்கள் கையாலேயே எழுதியிருக்கிறது. அதையும் ஸ்கேனையும் சேர்த்து, பிரிட்டோரியாவில் இருக்கும் எச்பிசிஎஸ்ஏ மருத்துவ கவுன்சிலுக்கு அனுப்பிவிட்டேன்.

புகாரை வாபஸ் வாங்கினால் லேசர் காசு 1,900-ஐ மட்டும் திருப்பித் தருகிறோம் என்று அதன்பிறகு போன் வந்தது. அதையே மெயிலில் எழுதி அனுப்புங்கள் என்றேன். இன்னும் வரவில்லை.