வெள்ளை முடி, மஞ்சள் சுவர்: போட்டோஷாப்பில் எதை எதால் வெட்டுவது?

பெரியம்மா இறந்த அன்று, அஞ்சலி பேனருக்குப் படம் வெட்டும் வேலை என்னிடம் வந்தது. கிடைத்த ஒரே நல்ல படம் வீட்டுத் திண்ணையில் யாரோ போனில் எடுத்தது. இளமஞ்சள் சுவர், அதற்கு முன்னால் பெரியம்மாவின் வெள்ளை முடி. அவசரத்தில் போட்டோஷாப்பைத் திறந்து, ஒரே மாதிரி நிறத்தை ஒரே கிளிக்கில் பிடிக்கும் மேஜிக் வாண்டை எடுத்துச் சுவரில் ஒரு கிளிக், உடனே டெலீட். பேனரைப் பார்த்த தங்கை, "அம்மா முடி இப்படி இருக்காதே அண்ணே" என்றாள். நெற்றிக்கு மேலே எப்போதும் பறந்துகொண்டிருக்கும் அந்த மெல்லிய முடி அத்தனையும் சுவரோடு போயிருந்தது.

அதே படத்தைப் பிறகு பொறுமையாகத் திறந்து ஒவ்வொரு கருவியாகப் போட்டுப் பார்த்தேன். வேறு வேலைக்கு வந்த ஒரு குத்துவிளக்குப் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அதில் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மேஜிக் வாண்ட். 1990இல் வந்த முதல் போட்டோஷாப்பிலேயே இது இருந்தது. இதற்கு முகமும் தெரியாது, முடியும் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் (பிக்ஸல்) சிவப்பு, பச்சை, நீலம் என்று 0 முதல் 255 வரை மூன்று எண்கள் உண்டு. நாம் கிளிக் செய்த புள்ளியின் எண்களுக்கு எவ்வளவு தூரம் வரை உள்ளவற்றைச் சேர்க்கலாம் என்பதுதான் டாலரன்ஸ். வழக்கமாக அது 32இல் இருக்கும். பெரியம்மா படத்தில் சுவர் 240, 225, 170. முடி 225, 222, 218. சிவப்பில் 15தான் வித்தியாசம், பச்சையில் 3, நீலத்தில் மட்டும் 48. டாலரன்ஸ் 32இலேயே இருந்திருந்தால் முடி தப்பியிருக்கும். ஆனால் சுவரில் நிழல் விழுந்த பகுதி சேரவில்லை என்று நான் 60க்கு ஏற்றினேன். 48 அதற்குள் அடங்கிவிட்டது, முடி போய்விட்டது.

அதனால் வாண்டே உதவாது என்று சொல்லவில்லை. ஸ்கேன் செய்த கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப், ஒரே நிறத்தில் நிரப்பிய லோகோ, இவற்றுக்கு இதைவிட வேகமானது கிடையாது. வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்த படத்துக்கு மட்டும் வேண்டாம். அழுத்தி அழுத்திச் சுருக்கியதில் ஒரே நிறம்போல் தெரியும் சுவர்கூட உள்ளுக்குள் திட்டுத்திட்டாக இருக்கும், வெட்டிய பிறகு புள்ளிபுள்ளியாக மிச்சம் நிற்கும். இந்தக் கருவி ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் இன்னும் வசதி. கிளிக் செய்த விரலை எடுக்காமல் மவுஸை இழுத்தால் அளவு கூடுவதும் குறைவதும் அங்கேயே கண்ணுக்குத் தெரியும். எண்ணை மாற்றி மாற்றித் திரும்பக் கிளிக் செய்ய வேண்டியதில்லை.

கையால் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டுத் தேர்ந்தெடுக்கும் லாசோ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாதாரண லாசோ, செலக்‌ஷனில் விட்டுப்போன ஒரு மூலையை ஷிஃப்ட் பிடித்துச் சேர்க்கவும், அதிகமானதை ஆல்ட் பிடித்துக் கழிக்கவும் போதும். பாலிகோனல் லாசோ கதவு, ஜன்னல், கட்டடம் மாதிரி நேர்கோட்டு வேலைக்கு. 1998இல் ஐந்தாம் பதிப்போடு வந்த மேக்னடிக் லாசோ ஓரத்தைத் தானே தேடி ஒட்டிக்கொள்ளும். பின்னணியும் பொருளும் நன்றாக வேறுபட்டால் சரி, இல்லையென்றால் வழி தவறிப் பக்கத்துக் கோட்டில் ஏறிவிடும். அதைத் திருத்தும் நேரத்தில், புள்ளி வைத்து வளைகோடு வரையும் பென் டூலிலேயே முடித்துவிடலாம் என்பது என் அனுபவம்.

உண்மையான போட்டி பென் டூலுக்கும் செலக்ட் சப்ஜெக்டுக்கும்தான். செலக்ட் சப்ஜெக்ட் 2018 ஜனவரியில் வந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் படத்தில் முக்கியமானது எது என்று தானே கண்டுபிடித்து எடுக்கும். இருநூறு பிள்ளைகளின் ஐடி கார்டு படத்துக்குப் பின்னணி மாற்ற வேண்டுமென்றால் இதைத் தவிர வேறு எதையும் நான் தொடமாட்டேன். ஆனால் இடுப்பில் கை வைத்து நிற்பவரின் கைக்கு நடுவே உள்ள இடைவெளி, ஜிமிக்கிக்கும் கழுத்துக்கும் நடுவே தெரியும் பின்னணி, இவற்றை அது சில நேரம் அப்படியே விட்டுவிடும். அதைப் பார்க்காமல் பிரிண்டுக்கு அனுப்பாதீர்கள்.

குத்துவிளக்கில் அது தோற்றது. பித்தளை நன்றாகத் துலக்கியிருந்ததால் பின்னால் இருந்த துணியின் நிறம் விளக்கின் தண்டிலேயே பிரதிபலித்தது. செலக்ட் சப்ஜெக்ட் அந்த இடத்தைத் துணி என்று நினைத்துத் தண்டைக் கடித்துவிட்டது. பென் டூலுக்கு நிறம் ஒரு பொருட்டே இல்லை. உலோகம் எங்கே முடிகிறது என்று நம் கண்ணுக்குத் தெரிந்தால் போதும். 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, தண்டின் ஒவ்வொரு குமிழிலும் வளைவு திரும்பும் இடத்தில் மட்டும் ஒரு புள்ளி வைத்தேன். புதிதாகப் பழகுகிறவர்கள் ஓரம் முழுக்கப் புள்ளியாக வைப்பார்கள், கோடு நெளிந்து போகும். புள்ளி குறையக் குறைய வளைவு வழுவழுப்பாக வரும். கோட்டை ஓரத்தின் மேலேயே போடாமல் ஒரு பிக்ஸல் உள்ளே தள்ளிப் போட்டால் பின்னணியின் நிறம் ஒட்டிக்கொண்டு வராது. பிறகு கன்ட்ரோல், என்டர், வரைந்த கோட்டுக்கு உள்ளே இருப்பது செலக்ட் ஆகிவிடும். அடிப்பகுதியிலிருந்து உச்சியில் இருக்கும் அன்னம் வரை பத்து நிமிடம் ஆனது. வரைந்த அந்தக் கோடு (பாத்) ஃபைலிலேயே தங்கிவிடுவதால் அடுத்த மாதம் வேறு அளவில் கேட்டாலும் மறுபடி வெட்ட வேண்டாம்.

ஆனால் முடிக்குப் பென் டூலைக் கொண்டுபோகக் கூடாது. ஒரு இழை முடி பல இடங்களில் ஒரு பிக்ஸலைக்கூட முழுதாக நிரப்பாது, பாதி முடி, பாதி சுவர். அதைப் பாதி மட்டும் செலக்ட் செய்ய வேண்டும். செலக்‌ஷன் என்பது வெட்டு, விடு என்று இரண்டே நிலை கொண்டதல்ல, கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 படிகள் கொண்ட ஒரு படம். ஓடும் புள்ளிக்கோடு பாதிக்கு மேல் செலக்ட் ஆன இடத்தைத்தான் காட்டும், அதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். க்யூ விசையைத் தட்டினால் சிவப்புத் திரையில் உண்மை நிலவரம் தெரியும்.

ஓரத்தைச் சீர்செய்யும் செலக்ட் அண்ட் மாஸ்க் பகுதியில் உள்ள ரிஃபைன் எட்ஜ் பிரஷ் இந்த வேலையைத்தான் செய்கிறது. கறுப்பு முடிக்கும் அதில் சூடிய மல்லிகைச் சரத்துக்கும் அது அருமை. பெரியம்மா படத்தில் திணறியது, முடிக்கும் சுவருக்கும் வெளிச்சத்தில் அவ்வளவாக வித்தியாசமில்லை.

வழி கிடைத்தது சேனலில், அதாவது சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காட்டும் கறுப்பு வெள்ளைப் படத்தில். நீலத்தில் 48 வித்தியாசம் இருந்தது அல்லவா? மஞ்சளில் நீலம் குறைவு, வெள்ளையில் அதிகம். நீல சேனலை மட்டும் திறந்தால் சுவர் சாம்பலாக, அதன் மேல் முடி இழை இழையாக வெளுத்துத் தெரிந்தது. நிழல் விழுந்த சுவர் இன்னும் கறுத்து எனக்கு உதவியே செய்தது. சேனலை நகலெடுத்து, வெளிச்சத்தையும் இருட்டையும் கூட்டிக் குறைக்கும் லெவல்ஸில் சுவரைக் கறுப்புக்கும் முடியை வெள்ளைக்கும் தள்ளி, முகத்தையும் உடம்பையும் பிரஷ்ஷால் வெள்ளை அடித்து, கன்ட்ரோல் பிடித்து அந்தச் சேனலைக் கிளிக் செய்து, அழிக்காமல் மறைக்க மட்டும் செய்யும் லேயர் மாஸ்க் போட்டேன். இந்தமுறை டெலீட் பக்கமே போகவில்லை. மாஸ்க்கில் மறைந்ததைத் திரும்பக் கொண்டுவரலாம், அன்று அழித்ததை முடியவில்லை.

அடியில் அரக்கு நிறத்தை வைத்துப் பார்த்தபோது இழைகளில் லேசாக மஞ்சள் தெரிந்தது. மேலே ஒரு லேயர் சேர்த்து, வெளிச்சத்தைத் தொடாமல் நிறத்தை மட்டும் மாற்றும் கலர் மோடில் முடியின் நிறத்தையே எடுத்து ஓரத்தில் மட்டும் தடவினேன். எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம்.

பதினாறாம் நாள் படத்துக்கு அதைத்தான் ஃபிரேம் போட்டோம். தங்கை கண்ணாடி மேல் விரல் வைத்து நெற்றிப் பக்கம் காட்டி, "இதுதான் அண்ணே, இந்த முடிதான்" என்றாள்.