ஹொஃப்மன் கருவியா, யோகட் கப்பா?

தரம் 11 பிள்ளைகளுக்கு, மின்சாரத்தால் நீரை ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கும் மின்பகுப்பைச் செய்துகாட்ட, ஆய்வுகூடக் கண்ணாடிக் கருவியான ஹொஃப்மன் வோல்ற்றாமானியை எடுப்பதா, யோகட் கப்பில் நாமே ஒன்று செய்வதா என்ற கேள்விக்கு நான் யோகட் கப் பக்கம்தான்.

ஹொஃப்மன் கருவியின் சிறப்பு எல்லோருக்கும் தெரிந்தது. பிளாற்றினம் மின்வாய், அளவு குறித்த குழாய்கள், ஐதரசன் இரண்டு பங்கு, ஒட்சிசன் ஒரு பங்கு என்று கண்ணால் பார்க்கலாம். விலையைச் சொல்லத் தேவையில்லை.

என்னைத் தீர்மானிக்க வைத்தது, பழுதானால் என்ன செய்வது என்பதுதான். கண்ணாடிக் குழாய் வெடித்தாலோ, காரக் கரைசல் பட்டுத் திருகுவாய் இறுகிப்போனாலோ யாழ்ப்பாணத்தில் உடனே மாற்ற வழியில்லை, கொழும்பைத்தான் பார்க்கவேண்டும். அந்தப் பயத்தில் ஆசிரியர் பிள்ளைகளைத் தொட விடமாட்டார், அவர் முன்னுக்கு நின்று செய்ய, பின்வாங்கில் இருப்பவர்கள் குமிழியைக் கூடக் காணாமல் கொப்பியில் படத்தைக் கீறிவிட்டுப் போவார்கள். யோகட் கப் உடைந்தால் அடுத்த கப். பழைய ரோச் பற்றரியின் காபன் கோல் இரண்டை அடியில் குத்தி, மெழுகால் அடைத்து, கரைசல் நிரப்பிய சோதனைக்குழாய்களைக் கவிழ்த்தால் போதும், ஒவ்வொரு குழுவுக்கும் ஒன்று. நெருப்புக்குச்சியைக் கிட்டக் கொண்டுபோய் ஐதரசன் 'பொப்' என்று எரிவதைத் தன் கையாலேயே பார்த்த பிள்ளை அதை மறக்காது. (அல்கலைன் பற்றரியை வெட்டாதீர்கள், அதற்குள் காபன் கோல் இல்லை, இருப்பது தோலை அரிக்கும் காரம்.)

குறை இல்லாமல் இல்லை. அனோட்டாக, அதாவது நேர் மின்வாயாக, இருக்கும் காபன் மெல்ல உதிர்ந்து தண்ணீர் கறுக்கும், ஒட்சிசனில் ஒரு பகுதி காபனீரொட்சைட்டாகப் போய்விடுவதால் 2:1 சரியாக வராது, ஒட்சிசனைச் சோதிக்கும் தணற்குச்சியும் சிலவேளை மந்தமாகத்தான் பற்றும். விகிதத்தைத் துல்லியமாகக் காட்ட ஹொஃப்மன்தான் வேண்டும். உயர்தர வகுப்பில் மின்பகுப்புப் பற்றிய பரடேயின் விதிகளுக்கும் அதுவே பொருந்தும் என்று நினைக்கிறேன், அங்கே எனக்கு அனுபவம் குறைவு.

எதை எடுத்தாலும் தண்ணீரைக் கவனியுங்கள். நம்மூர்க் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள்ளால் வருவது, கதோட்டில், அதாவது மறை மின்வாயில், வெள்ளையாகப் படியும், கரையோரத்தில் உப்பும் சேரும். உப்பிருந்தால் அனோட்டில் குளோரீன் வரும், மூடிய வகுப்பறையில் அது ஆபத்து. ஆகவே கறியுப்பு போடவே வேண்டாம். கராச்சில் வாங்கும் பற்றரித் தண்ணீரில் (காய்ச்சி வடித்த நீர், பற்றரி அமிலம் அல்ல) கொஞ்சம் சோடியம் சல்பேற்றைக் கரைத்து, செவ்வரத்தம்பூச் சாறு விட்டால் அனோட்டுப் பக்கம் சிவக்கும், கதோட்டுப் பக்கம் பச்சையாகும்.

அப்புறம் மின்சாரம். 1.5 வோல்ட் செல் ஒன்றுக்குக் குமிழி வருவது அரிது. 9 வோல்ட் பற்றரி நல்லது, ஆனால் கெதியில் இறங்கிவிடும். மோட்டார்சைக்கிள் பற்றரி நின்றுபிடிக்கும், இரண்டு வயரும் முட்டாமல் பார்க்க ஒருவர் பக்கத்திலேயே நிற்கவேண்டும்.