சின்ன மில்லிங் மெசினின் தலையை நிமிர்த்த: ஒற்றை டயலா, இரட்டை டயலா, வளைத்த கம்பியா?

மோட்டார் சைக்கிள் ஹெட் ஒன்றின் கேஸ்கட் முகத்தை வீட்டு மில்லில் வழித்து எடுத்தபின், அதன்மேல் நேர்விளிம்பை வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா? கட்டர் கூராக இருக்கிறது, வைஸ் அசையவில்லை என்றால், கட்டரைப் பிடித்துச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டில் மேசைக்குச் செங்குத்தாக நிற்கவில்லை என்றுதான் அர்த்தம். 100 மி.மீ.க்கு 0.05 மி.மீ. சாய்வு இருக்கிறது, 50 மி.மீ. ஃப்ளை கட்டர் (ஒற்றைப் பல்லைச் சுழற்றி அகலமாக வழிப்பது) போட்டிருக்கிறது என்று வைப்போம். சாய்வு மேசை ஓடும் திசையில் இருந்தால் முகம் நடுவில் 0.0125 மி.மீ. குழியும். சாய்வு குறுக்காக இருந்தால் குழி விழாது. பக்கத்துப் பக்கத்து ஓட்டங்களுக்கு நடுவே 0.025 மி.மீ. படி நிற்கும். அதை விரல் நகமே சொல்லிவிடும்.

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் வீட்டோடு பட்டறை வைத்து வள்ள எஞ்சின் சாமான், லேண்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு மெசின்) சாமான் செய்பவருக்கு இதைச் சரிபார்க்க மூன்று வழி கையில் இருக்கிறது. எது வாங்கலாம், எதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை என்பதுதான் இங்கே பேச்சு.

அளக்கத் தொடங்கும் முன்

எந்த வழியானாலும் முதலில் பிளக்கைக் கழற்றுங்கள், ஸ்பிண்டிலைக் கையால் சுற்றும்படி கியரை நியூட்ரலில் போடுங்கள். சறுக்குப் பாதைகளின் ஆட்டத்தை எடுக்கும் கிப் பட்டைகளை இறுக்கி, தலையின் ஏற்ற இறக்கப் பூட்டைப் பூட்டுங்கள். வேலை நடக்கும்போது பூட்டித்தான் இருக்கும் என்பதால் அளவும் பூட்டிய நிலையில்தான். ஸ்பிண்டில் முனையில் டயலை (முனையின் நுண்ணிய அசைவை ஊசியால் காட்டும் அளவுக் கருவி) வைத்துக் கையால் மேலே தள்ளிப் பாருங்கள். 0.02 மி.மீ.க்கு மேல் ஆடினால் பெயாரிங்கைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கடற்காற்றில் மேசையின் டி-ஸ்லொட் (டி வடிவப் பள்ளம்) உதடுகளில் துரு பொருக்காக எழும்பி நிற்கும். நைஸ் எண்ணெய்க்கல்லை எண்ணெய் விட்டு மேசை முழுக்க மெதுவாக ஒரு தேய் தேயுங்கள். இதைச் செய்யாமல் எடுக்கிற அளவு துருவின் உயரத்தைத்தான் காட்டும்.

ஒற்றை டயல்

டயலை ஒரு கம்பியில் பூட்டி, கம்பியைக் கொலெட்டில் (ஸ்பிண்டிலுக்குள் தண்டைக் கவ்வும் வளையப் பிடி) பிடித்து, ஸ்பிண்டிலைச் சுற்றி மேசையில் வட்டம் போடுவது. வட்டத்தின் விட்டம் 150 மி.மீ. இருந்தால் நல்லது. இந்த முறையின் பலம் பலருக்குத் தெரிவதில்லை: கொலெட் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அளவு கெடாது, ஏனெனில் கோணலும் டயலோடு சேர்ந்தே சுற்றுகிறது. கம்பி தன் பாரத்தில் தொங்குவதும் கெடுக்காது. எல்லாத் திசையிலும் அதே அளவுதான் தொங்கும். கெடுப்பது தளர்ந்த மூட்டும், சுற்றும்போது டயலில் படுகிற கையும்தான். ஸ்பிண்டிலை மேலே பெல்ட் புல்லியில் பிடித்துச் சுற்றுங்கள்.

சிக்கல் டி-ஸ்லொட். லீவர் டயலின் (முனை நெம்புகோல்போல் அசையும் சிறு டயல்) முனை பள்ளத்தில் விழுந்தால் ஒன்று அளவு தவறும், இல்லையென்றால் முனையே போய்விடும். கண்ணாடிக் கடையில் 10 மி.மீ. கண்ணாடித் துண்டு வாங்கி விரிப்பது ஒரு தீர்வு. புதுப் பிறேக் டிஸ்க் இன்னொன்று. பழைய டிஸ்க் வேண்டாம், விளிம்பில் திட்டு இருக்கும். எதை வைத்தாலும் 180 பாகை திருப்பி வைத்து மறுபடி அளக்க வேண்டும். அளவு மாறினால் தட்டின் தடிப்பு சமமில்லை.

இவை எல்லாவற்றையும்விட மலிவானதும் நம்பிக்கையானதும் ஒரு புது 6204 பெயாரிங். வெளிவளையத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். டயலை இடப்பக்கம் கொண்டுபோய், முனையைத் தூக்கி, பெயாரிங்கைக் கீழே தள்ளி, அந்தப் புள்ளியில் முனையை இறக்கிப் பூச்சியமாக்குங்கள். டயலை வலப்பக்கம் சுற்றி, அதே பெயாரிங்கை அங்கே வைத்து அதே புள்ளியில் வாசியுங்கள். தடிப்பு வித்தியாசம் என்ற கேள்வியே எழாது. வளையம் 47 மி.மீ. விட்டம் என்பதால் ஸ்லொட்டுக்கு மேலேயும் பாலம்போல் உட்காரும்.

இடம் பூச்சியம், வலம் 0.12 என்றால், தலையைப் பிடிக்கும் நட்டைப் பாதி இறுக்கத்தில் விட்டு, ரப்பர் சுத்தியலால் தலையைத் தட்டி 0.06க்குக் கொண்டுவாருங்கள். மறுபடி இடத்தில் பூச்சியமாக்கி, வலத்தில் வாசியுங்கள். மூன்று நாலு சுற்றில் 0.01க்குள் வந்துவிடும். பிறகு நட்டை இறுக்கும்போது 0.02, 0.03 என்று நழுவும். அதனால் ஒரே மூச்சில் இறுக்காமல், டயலைப் பார்த்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

இரட்டை டயல்

ஒரு பட்டையின் இரண்டு முனையிலும் டயல், நடுவில் ஸ்பிண்டிலில் பிடிக்கும் தண்டு. இரண்டையும் ஒரே பார்வையில் வாசிக்கலாம், ஒவ்வொரு தட்டுக்கும் சுற்றத் தேவையில்லை. பார்க்க அழகான கருவி. ஆனால் இதை வாங்கியவர்கள் செய்யும் பிழை ஒன்று உண்டு: மேசையில் வைத்து இரண்டு டயலையும் அந்தந்த இடத்திலேயே பூச்சியமாக்கிவிடுவது. அப்படிச் செய்தால் மெசினின் சாய்வையே பூச்சியம் என்று எழுதிவைத்ததாகிவிடும். பிறகு எத்தனை தரம் பார்த்தாலும் எல்லாம் சரியென்றே காட்டும். சரியான முறை: முதல் டயலை ஒரு புள்ளியில் பூச்சியமாக்கி, ஸ்பிண்டிலை அரைச் சுற்றுச் சுற்றி, இரண்டாவது டயலை அதே புள்ளியில் பூச்சியமாக்குவது. ஒற்றை டயல் செய்யும் வேலையை ஒருதரம் செய்துவிட்டுத்தான் இரட்டை டயலின் வசதி தொடங்குகிறது.

இன்னொரு குறை, முன்-பின் திசையில். சீக் எக்ஸ்2 போன்ற சிறிய மில்லிங் மெசினின் மேசை 92 மி.மீ. அளவுதான் அகலம், பட்டை அதைவிட நீளம் என்றால் முனைகள் மேசைக்கு வெளியே போய்விடும், எப்படியும் தட்டு வைத்தாக வேண்டும். பின் டயலும் கொலத்தை (தலையைத் தாங்கும் தூண்) பார்த்தபடி நிற்கும். போன் கமராவை அங்கே நீட்டி வாசிக்கலாம். மலிவு டயல்களின் ஊசி ஒட்டிக்கொள்வதும் உண்டு, வாசிக்குமுன் விரலால் ஒரு தட்டு. கிழமைக்கு இரண்டு தரம் தலையைச் சாய்த்து வேலை செய்பவருக்கு இது நேரத்தை மிச்சம் பிடிக்கும். மற்றவர் அந்தக் காசுக்கு ஒரு நல்ல லீவர் டயல் வாங்குவதுதான் புத்தி.

வளைத்த கம்பியும் பீலர் கேஜும்

காசே வேண்டாம். 8 மி.மீ. கம்பியைப் படிபோல் வளைத்து, முனையை உருண்டையாகத் தேய்த்து, சக்கில் பிடித்து 200 மி.மீ. வட்டம் போடுங்கள். கீழே அதே பெயாரிங். முனைக்கும் பெயாரிங்குக்கும் நடுவில், டப்பட் வைக்கப் பாவிக்கும் பீலர் கேஜின் 0.10 இலை. ஒரு பக்கம் இலை இழுபட்டு வர வேண்டும். மறுபக்கம் எத்தனை மி.மீ. இலை அதே இறுக்கத்தோடு நுழைகிறது என்று பாருங்கள். பழகிய கைக்கு 0.02 வித்தியாசம் தெரியும். வட்டம் பெரிதென்பதால் அது மோசமான அளவல்ல. டயல் வாங்கும்வரை இது தாராளமாகப் போதும்.

சக்கில் தண்டைப் பிடித்து மூலைமட்டம் வைத்துப் பார்க்கும் வழி இதைவிடத் தாழ்ந்தது. சக்கின் கோணல், தண்டின் வளைவு, மூலைமட்டத்தின் பிழை எல்லாம் அதில் ஏறிக்கொள்ளும்.

கொலம் வேறு, ஸ்பிண்டில் வேறு

மேலே சொன்ன மூன்றும் ஸ்பிண்டிலை மட்டுமே பார்க்கின்றன. தலை ஏறி இறங்கும் கொலம் சாய்ந்திருந்தால் அவற்றில் எதுவும் காட்டிக்கொடுக்காது. விளிம்பு பார்க்கும் குட்டைக் கருவியால் மையம் பிடித்து, பிறகு நீளமான ட்ரில் போட 100 மி.மீ. தலையைத் தூக்கினால், கொலம் 100க்கு 0.05 சாய்ந்திருப்பின் துளையும் 0.05 தள்ளித்தான் விழும். இதைப் பார்க்க, லேத் பட்டறையில் 50 மி.மீ. தண்டு ஒன்றை 120 மி.மீ. நீளத்துக்குக் கடைந்து, சக்கிலிருந்து கழற்றாமலே அதன் அடி முகத்தையும் நடுவில் சற்றுக் குழிவாகக் கடைந்து எடுங்கள். மேசையில் நிறுத்தி, டயலைப் பக்கத்தில் தொடவைத்துத் தலையை ஏற்றுங்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் அளந்து, கூட்டல் கழித்தல் குறியோடு ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாதி எடுத்தால் லேத் விட்ட கூம்புப் பிழை கழிந்துவிடும்.

கொலத்தை முதலில் சரிசெய்து, ஸ்பிண்டிலுக்குப் பிறகு வாருங்கள். கொலமே சாயும் எக்ஸ்2 வகையில் இட-வலத் திசையில் இரண்டும் சேர்ந்தே நகரும். தலை சாயும் வகையில் தனித்தனியே திருத்தலாம்.

ஷிம்மா, எபொக்சியா?

முன்-பின் சாய்வுக்குத் திருப்பும் நட்டு இராது. கொலத்தின் அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைக்க வேண்டும். 150 மி.மீ. வட்டத்தில் முன்பக்கம் 0.06 கூடுதலாகக் காட்டினால் தலை முன்னே குனிந்திருக்கிறது. கொலத்தின் முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் இடைவெளி 120 மி.மீ. என்றால் 0.06 × 120 ÷ 150 = 0.048. ஒரு 0.05 பீலர் இலையை வெட்டி, முன் விளிம்பு முழுவதும் பட்டையாக வைத்தால் கணக்கு முடிந்தது. குளிர்பான ரின்னின் தகடு ஏறத்தாழ 0.1 வரும், பெயின்ரைச் சுரண்டியபின் மைக்ரோமீட்டரில் அளந்து பாவியுங்கள். கடதாசி வைக்காதீர்கள், நசுங்கும், இந்த ஊர் ஈரத்தில் ஊதவும் செய்யும்.

ஷிம்மின் குறை, கொலம் விளிம்பில் மட்டும் தாங்கி நிற்பது. கட்டர் கனமாகக் கடிக்கும்போது அதிர்வு கூடும். உலோகத்தூள் கலந்த எபொக்சி இதில் வெல்கிறது: கொலத்தின் அடியில் மெழுகு பூசி, ஷிம் இருந்த இடத்தில் தூக்கும் ஸ்க்ரூக்களால் அளவை நிறுத்தி, எபொக்சி பூசி, போல்ட்டை லேசாகப் பிடித்து இறுகவிடுவது. பாரம் முழு முகத்திலும் பரவும். ஆனால் பெட்டியில் போட்ட வேலைநேரம் நம் வெயிலுக்குப் பொருந்தாது, பாதியிலேயே இறுகத் தொடங்கும். விடியற்காலையில் கலப்பது நல்லது. முதலில் ஷிம்மோடு ஒரு மாதம் ஓட்டி, அளவு நிலைத்து நிற்கிறதென்று கண்டபிறகு எபொக்சிக்குப் போங்கள். அவசரப்பட்டால் பிழையையும் சேர்த்தே ஒட்டிவிடுவீர்கள்.

தீர்ப்பு அலுமினியத்தில்

டயல் என்ன சொன்னாலும் கடைசியில் ஃப்ளை கட்டரால் ஒரு அலுமினியத் துண்டை 0.1 மி.மீ. வழித்துப் பாருங்கள். முன்விளிம்பும் பின்விளிம்பும் கடித்த வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டிப் பின்னலாகத் தெரிந்தால் அந்தத் திசை சரி. ஒரு பக்கக் கோடு மட்டும் தெரிந்தால் அந்தத் திசையில் இன்னும் சாய்வு இருக்கிறது. மேசையைக் குறுக்கே ஓட்டி மற்றத் திசையையும் பாருங்கள்.

மணல் தரையில் மரமேசை போட்டு மெசினை வைத்தவர், மாரி முடிந்து தை பிறந்ததும் மறுபடி அளக்க வேண்டும். மரம் ஊதி, கால் ஒன்று இறங்கினால் மெசினின் அடியே முறுகும். அப்போது தலையைத் தட்டுவதில் பயனில்லை. அடிப்போல்ட்டுகளைத் தளர்த்தி, நாலு மூலையும் தானாக உட்காருகிறதா என்று பார்த்து, இடைவெளி உள்ள மூலைக்குத் தகடு கொடுத்து இறுக்கியபிறகு டயலை எடுங்கள்.