வைஃபை பாஸ்வேர்டு மாத்தித் தந்த காரைக்குடி கடை

பள்ளத்தூர்ல எங்க ஐயா காலத்து வீடு, ரவுட்டர் முகப்புல இருக்கு, தங்கச்சி கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேர்கிட்டயும் பாஸ்வேர்டு போயிருச்சு. அதுலருந்து சாயங்காலமானா நெட் இழுக்கவே மாட்டேங்குது. சரி மாத்துவோம்னு ரவுட்டர் பின்னால இருக்கற சின்ன ரீசெட் ஓட்டைல ஊக்கை விட்டு 10 செகண்ட் அழுத்துனேன், நெட்டே சுத்தமா நின்னுபோச்சு.

காரைக்குடி கடைக்கு போன் பண்ணேன், மத்தியானமே ஒரு தம்பி வந்துட்டாரு. "அண்ணே, பாஸ்வேர்டு மாத்த ரீசெட் தேவையே இல்ல, ரீசெட் அடிச்சா நெட் கம்பெனி குடுத்த யூசர்நேம் பாஸ்வேர்டும் சேர்ந்து அழிஞ்சிரும்"னாரு. அதை கம்பெனிகிட்ட கேட்டு வாங்கி அவரே திரும்பப் போட்டாரு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது, போனை என் கைல குடுத்தே செய்யச் சொன்னாரு. ரவுட்டர் அடில ஸ்டிக்கர்ல இருக்கற 192.168.1.1ஐ பிரவுசர்ல போட்டு உள்ள போயி, வயர்லெஸ் செக்யூரிட்டில டபிள்யூபிஏ2ங்கற பாதுகாப்பு முறையை வச்சு புது பாஸ்வேர்டு, குறைஞ்சது 8 எழுத்து இருக்கணுமாம். உள்ள நுழையற அட்மின் பாஸ்வேர்டு வேற, அதையும் மாத்துங்கண்ணேன்னு சொல்லி மாத்த வச்சாரு. இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல, அதை மாத்தலன்னா உள்ள கனெக்ட் ஆகற யாரும் செட்டிங்கைத் தொடலாம்.

நம்ம ஊர்ச் சுவரு தடிமனுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சிக்னல் வளவைத் (நடு முற்றத்தை) தாண்டல, ரெண்டாம் கட்டுல அப்பத்தா போனுக்குச் சுவரைக் கொஞ்சம் நல்லாத் தாண்டற 2.4 கிகாஹெர்ட்ஸ்ல போட்டுக் குடுத்தாரு, இப்ப சிங்கப்பூர்ல இருக்க அண்ணன் முகம் நிக்காம தெரியுது. 300 ரூவா வாங்குனாங்க, தாராளமா குடுக்கலாம். ஞாயித்துக்கிழமை மட்டும் போன் எடுக்க மாட்டாங்க.