900 ரூபாய் ஓபிடி ஸ்கேனர்: அது சரியாகத்தான் சொன்னது, நான்தான் அவசரப்பட்டேன்

போன மே மாதம் மதுரையிலிருந்து திருச்சி வரும் வழியில், துவரங்குறிச்சி தாண்டியதும் கார் ஓடிக்கொண்டே அணைந்துவிட்டது. உதறல் இல்லை, சத்தம் இல்லை, யாரோ சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி. ஓரம் கட்டிச் செல்ஃப் அடித்தால் நன்றாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை. அரைமணி நேரம் கழித்து அடித்தேன், ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. இது மூன்றாவது தடவை. வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில் பெட்ரோல் பம்பை மாற்றணும், ஒன்பதாயிரம் ஆகும் என்றார்கள். ஸ்கேன் போட்டீர்களா அண்ணே என்று கேட்டால், "செக் இன்ஜின் லைட்டே எரியலையே தம்பி" என்றார். அன்று ராத்திரியே, கார் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும் கோளாறுகளைப் போனில் காட்டும் இந்த ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனரை ஆர்டர் போட்டேன்.

தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரியது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும், அதில் செருகி, ப்ளூடூத்தில் போனோடு இணைத்து (பின் நம்பர் 1234), டார்க் (Torque) மாதிரி ஒரு ஆப் போட்டால் வேலை முடிந்தது. ஐபோன் வைத்திருப்பவர்கள் பார்த்து வாங்குங்கள், விலை மலிவான பழைய ப்ளூடூத் மாடல்கள் அதில் வேலை செய்யாது.

லைட் எரியாவிட்டாலும் பெண்டிங் கோடு (இன்னும் உறுதியாகாத கோளாறுக்கான எண்) என்று உள்ளே பதிந்திருக்கலாம் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். பி0335 இருந்தது. கிராங்க்‌ஷாஃப்ட் பொசிஷன் சென்சார் சர்க்யூட். இன்ஜின் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது இந்தச் சென்சார்தான். கிராங்க் என்கிற இன்ஜின் தண்டோடு சுற்றும் பல்சக்கரத்தின் பற்களை எண்ணிக்கொண்டே இருக்கும். பல வண்டிகளில் 60 பல்லுக்கு இடம் விட்டு, இரண்டைத் தட்டிவிட்டு 58 வைத்திருப்பார்கள், அந்த இடைவெளிதான் அடையாளம். சிக்னல் நின்றால் எப்போது தீப்பொறி விடுவது, எப்போது பெட்ரோல் அடிப்பது என்று தெரியாமல் கம்ப்யூட்டர் இரண்டையும் நிறுத்திவிடும். புத்தம்புது பம்ப் போட்டிருந்தாலும் அணைந்திருக்கும்.

இங்கேதான் சொதப்பினேன். அந்தக் கோடு வந்ததைப் பார்த்ததும் சென்சார் போச்சு என்று முடிவு கட்டி, 1,200 ரூபாய்க்கு ஒன்று வாங்கி மாட்டிவிட்டேன். பத்து நாள் நன்றாக ஓடியது. பதினோராம் நாள் கலெக்டர் ஆபீஸ் ரோட்டில், பின்னால் பஸ் ஹாரன் அடிக்க அடிக்க, அதே கதை.

அப்புறம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். ஸ்கேனரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "சர்க்யூட்னு போட்டிருக்கே, சென்சார்னு மட்டுமா போட்டிருக்கு?" என்று கேட்டார். சென்சாரின் கப்ளரை (வயர் இணையும் பிளக்கை) கழற்றி, பழைய சென்சாரையும் கொண்டுவரச் சொல்லி மல்டிமீட்டரில் பார்த்தார். என் வண்டியில் இருப்பது இரண்டு வயர் காயில் வகை. இந்த வகை பெரும்பாலும் சில நூறு ஓமிலிருந்து ஆயிரம் சொச்சம் ஓம் வரை காட்டும், வண்டிக்கு வண்டி மாறும். பழையது 870 காட்டியது, ஹேர் டிரையரில் சூடாக்கியும் அறுந்துபோகவில்லை. அதாவது நல்ல சென்சாரைத்தான் கழற்றிப் போட்டிருக்கிறேன். (மூன்று வயர் ஹால் வகைக்கு இந்த ஓம் சோதனை செல்லாது, அதில் வோல்டேஜ் வருகிறதா, எர்த் இருக்கிறதா, சிக்னல் மாறுகிறதா என்றுதான் பார்க்கணும்.) பிறகு கப்ளரிலிருந்து கம்ப்யூட்டர் வரை போகும் வயரில் கன்டினியூட்டி (வயர் அறுபடாமல் இருந்தால் பீப் அடிக்கும் சோதனை) வைத்துக்கொண்டே, ஒவ்வொரு சாணாகப் பிடித்து ஆட்டினார். இன்ஜின் பக்கத்துக் கிளாம்ப் அருகே பீப் சத்தம் நின்று நின்று வந்தது. மேல் உறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் அறுந்திருந்தன. சூட்டில் விலகியிருக்கிறது, ஆறினால் ஒட்டியிருக்கிறது. நான் சென்சார் மாற்றும்போது வயரை அசைத்ததில்தான் அந்தப் பத்து நாள் நிம்மதி என்றார். வெட்டி, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டுக் கொடுத்ததற்கு 400 ரூபாய். எட்டு மாதமாகப் பிரச்சினை இல்லை.

ஸ்கேனருக்கு வருவோம். பிடித்தது, ஃப்ரீஸ் ஃப்ரேம் காட்டுகிறது: கோடு விழுந்த நொடியில் வேகம், கூலன்ட் சூடு எல்லாம் வரும். கோடு எண்ணை அழித்தால் அதுவும் அழிந்துவிடும், முதலில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பிடிக்காதது, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்டேஜ் இறங்கியதும் இணைப்பு அறுந்துவிடுகிறது. இந்தக் கோடுக்கு முக்கியமான சோதனையே செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) 200, 250 என்று வருகிறதா, பூஜ்யத்திலேயே நிற்கிறதா என்று பார்ப்பதுதான், அந்த நேரத்தில் கைவிட்டால் எப்படி? நான் டேஷ்போர்டில் ஆர்பிஎம் மீட்டர் முள் லேசாக அசைகிறதா என்று கண்ணால் பார்த்துத் தேற்றிக்கொண்டேன். ஏபிஎஸ், ஏர்பேக் பக்கமே இது போகாது. பி1-ல் தொடங்கும் கம்பெனிக் கோடுகளுக்கு எண் வரும், விளக்கம் வராது. வண்டியை நிறுத்தினால் கழற்றிவிடுங்கள், அந்தச் சாக்கெட்டில் எப்போதும் கரண்ட் இருக்கும், பேட்டரியைக் குடித்துவிடும்.

மச்சானின் ஆட்டோமேட்டிக் வண்டியில் பி0725 என்று வந்ததையும் இதில்தான் பார்த்தோம். அது இன்ஜின் வேகச் சிக்னல் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்கு ஒழுங்காக வரவில்லை என்று அர்த்தம். சென்சார் ஆர்டர் போடப் போனவரைத் தடுத்து நிறுத்தி, கையில் மல்டிமீட்டரைக் கொடுத்திருக்கிறேன்.

ஐந்துக்கு மூன்றரை. செல்ஃப் அடிக்கும்போது அறுந்துபோகாமல் இருந்திருந்தால் நாலு கொடுத்திருப்பேன்.